கணினியின் முதுகில் ஆறு துளைகள்: ஸ்பீக்கர், மைக், ஆம்ப் இணைக்கும் முறை

கேபினெட்டைத் திருப்பி அதன் பின்பக்கம் பார்த்தால், யுஎஸ்பி வரிசைக்குப் பக்கத்தில் வட்டமான சிறு துளைகள் மூன்றோ ஐந்தோ ஆறோ இருக்கும். எல்லாமே 3.5 மி.மீ. ஒரே பின் எல்லாவற்றிலும் சுகமாக நுழையும். சிக்கலே அங்கேதான். தவறான துளையில் செருகினாலும் கையில் எதுவும் தட்டுப்படாது. சத்தம் வராமல் இருக்கும், அல்லது கிழிந்துபோய் வரும். எதை எங்கே செருகுவது என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். இந்தத் துளை வழியாக ஒலி வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா? அந்தச் சிக்னல் எவ்வளவு பலமானது? துளைகளின் நிறம் இந்த இரண்டுக்கும் வைத்த அடையாளம்தான்.

இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வழிகாட்டி இந்த நிறங்களை நிலைநிறுத்தியது. நிறம் போட்ட மதர்போர்டுகள் பெரும்பாலும் இன்றும் அதையே பின்பற்றுகின்றன. பச்சையில் முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள் அல்லது ஹெட்ஃபோன். இளஞ்சிவப்பில் மைக். வெளிர்நீலம் லைன் இன். ஃபோன், டிவிடி பிளேயர், மிக்சர் போன்றவற்றின் ஒலி உள்ளே வரும் வழி. ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து போகும். கறுப்பில் பின்பக்க ஸ்பீக்கர்கள். சாம்பல் நிறம் 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அமைப்பின் பக்கவாட்டு ஸ்பீக்கர்களுக்கு.

சில போர்டுகளில் நிறமே இருக்காது. எல்லாத் துளைகளும் கறுப்பாக, உள்ளே பொன்முலாம் பூசி இருக்கும். பார்க்க அழகுதான், மேசைக்கு அடியில் குனிந்து செருகுகிறவருக்கு நரகம். டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குப் பக்கத்தில் சின்னம் பொறித்திருக்கும். வளைவுக் கோடுகளிலிருந்து அம்புக்குறி வெளியே போனால் லைன் அவுட், உள்ளே வந்தால் லைன் இன், மைக் படம் இருந்தால் மைக். சின்னமும் தேய்ந்திருந்தால் மதர்போர்டின் மாடல் எண்ணை வைத்து அதன் கையேட்டைத் தேடி, பின்பக்கப் படத்தைப் பாருங்கள். ஊகித்துச் செருகுவதைவிட அது வேகமான வழி.

பலம் என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. லைன் சிக்னல் 0.3 வோல்ட் அளவில் இருக்கும். சிடி பிளேயர் போன்றவை 2 வோல்ட் வரைகூடத் தரும். அதாவது மைக்கைப் போல நூறு மடங்கு அல்லது அதற்கும் மேல். இந்த லைன் சிக்னலை இளஞ்சிவப்பில் கொடுத்தால், அங்கே மைக்குக்காகக் காத்திருக்கும் ப்ரீஆம்ப் அதை இன்னும் பெருக்கும். அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரவென்று கிழியும். ரெக்கார்டிங் லெவலை எவ்வளவு குறைத்தாலும் கிழிசல் போகாது, ஏனென்றால் வெட்டு அதற்கு முன்பே நடந்துவிட்டது. மாறாக மைக்கை நீலத்தில் செருகினால் ஒன்றுமே கேட்காது. இளஞ்சிவப்புத் துளை சிறு கண்டென்சர் மைக்குகளுக்கு வேண்டிய சில வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்துத் தருகிறது. நீலத்தில் அது கிடையாது.

வெளியே போகும் பக்கமும் இப்படித்தான். பச்சைத் துளை தருவது ஒன்று அல்லது இரண்டு வோல்ட். மின்னோட்டம் மிகக் குறைவு. ஹெட்ஃபோனுக்கும், தனக்குள் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்திருக்கும் ஸ்பீக்கருக்கும் அது தாராளம். பவர் கார்டு இல்லாத 4 ஓம், 8 ஓம் மரப்பெட்டி ஸ்பீக்கரை நேராகக் கோத்தால் கொசு ரீங்காரம்போல ஏதோ கேட்கும், அவ்வளவுதான். அதற்கு நடுவில் ஆம்ப் வேண்டும்.

இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்

மிக எளிமையான வேலை இது. ஸ்பீக்கரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, அதன் 3.5 மி.மீ. பின்னைக் கேபினெட்டின் பின்பக்கப் பச்சையில் செருகுங்கள். கடைசியில் ஒரு சின்ன 'டக்' விரலுக்குத் தெரிய வேண்டும். பின்னின் பிளாஸ்டிக் பிடி தடிமனாக இருந்து கேபினெட் தகட்டில் முட்டினால், பின் முழுதாக உட்காராது. பார்க்க உள்ளே போன மாதிரியே இருக்கும், ஒரு மில்லிமீட்டர்தான் குறையும். அந்த ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்பீக்கர் ஜோடியில் ஒன்றில்தான் ஆம்ப் இருக்கும். குமிழும் பவர் ஒயரும் உள்ளது அது. இன்னொன்று அதிலிருந்து தனி ஒயரில் ஓடும். இரண்டாவது ஸ்பீக்கரின் ஒயரையும் கணினியில் செருகத் தேடக் கூடாது. அது போக வேண்டிய இடம் முதல் ஸ்பீக்கரின் முதுகு. 2.1 செட்டில் ஆம்ப் சப்வூஃபர் பெட்டிக்குள் இருக்கும். கணினியிலிருந்து வரும் ஒரே கேபிள் சப்வூஃபருக்குப் போகும், சிறிய இரண்டும் அங்கிருந்து பிரியும். இதற்குக் கணினியில் ஆரஞ்சுத் துளை தேவையே இல்லை. பாஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, பிரிப்பது பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டியின் வேலை.

சிறிய ஸ்பீக்கர்களில் இரண்டு ஒயர் வரும்: ஒன்று யுஎஸ்பி, ஒன்று 3.5 மி.மீ. இவற்றில் பலவற்றுக்கு யுஎஸ்பி வெறும் மின்சாரத்துக்கு மட்டும், ஒலி 3.5 வழியாகத்தான் போகும். இரண்டையும் செருக வேண்டும். யுஎஸ்பியை மட்டும் செருகிவிட்டு, விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை என்று டிரைவரைத் தேடுவது வீண். உண்மையான யுஎஸ்பி ஸ்பீக்கராக இருந்தால் செருகிய சில நொடிகளில் விண்டோஸின் ஒலிச் சாதனப் பட்டியலில் புதிய பெயர் ஒன்று வந்து நிற்கும். வரவில்லையென்றால் அது மின்சாரத்துக்கான ஒயர்தான்.

செருகியதும் சில கணினிகளில், நீங்கள் இணைத்தது என்ன என்று கேட்டு ஒரு பெட்டி திரையில் எழும். ஹெட்ஃபோன், முன் ஸ்பீக்கர், லைன் இன், மைக் என்று பட்டியல் வரும். அவசரத்தில் மைக் என்று தட்டிவிட்டால் அந்தத் துளையின் வேலையே மாறிப்போகும் போர்டுகள் உண்டு. ரியல்டெக் போன்ற சிப்கள் ஒரே துளையை உள்ளேயும் வெளியேயும் மாற்றிப் பயன்படுத்தக் கூடியவை. நேற்றுவரை பாடிய பச்சை இன்று ஊமையானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பெட்டியைத்தான். பின்னை உருவித் திரும்பச் செருகினால் கேள்வி மறுபடி வரும், சரியானதைத் தட்டுங்கள்.

வால்யூமை எங்கே வைப்பது என்பதில் ஒரு முறை இருக்கிறது. விண்டோஸில் 80 முதல் 100 வரை வைத்துவிட்டு, தினசரி கூட்டிக் குறைப்பதை ஸ்பீக்கர் குமிழில் செய்யுங்கள். கணினியில் 20, ஸ்பீக்கரில் முழுசு என்று வைத்தால், ஸ்பீக்கரின் ஆம்ப் பலவீனமான சிக்னலோடு கேபிளில் வந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். சும்மா இருக்கும்போதுகூட 'உஸ்' என்று கேட்கும்.

5.1: மூன்று கேபிள், ஆறு ஒலி

5.1 செட்டிலிருந்து மூன்று 3.5 மி.மீ. பின்கள் வரும். ஒவ்வொரு பின்னிலும் இரண்டு ஒலி. பச்சையில் முன் இடது, முன் வலது. கறுப்பில் பின் இடது, பின் வலது. ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும். பின்னின் நிறம் துளையின் நிறத்தோடு பொருந்தினால் வேலை முடிந்தது.

மதர்போர்டில் மூன்றே துளைகள் இருந்தாலும் பல போர்டுகளில் 5.1 கிடைக்கும். நீலம் பின்பக்க ஸ்பீக்கராகவும், இளஞ்சிவப்பு நடு-சப்வூஃபராகவும் வேஷம் மாறும். டிரைவரோடு வரும் ஆடியோ மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்த பிறகே இந்த மாற்றம் நடக்கும். விலையாகப் பின்பக்க மைக் துளையை இழக்கிறீர்கள். மைக்கைக் கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகிக்கொள்ள வேண்டும்.

ஒயர் கோத்தது பாதி வேலைதான். இயங்குதளம் இன்னும் உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், பழைய சவுண்ட் பெட்டியைத் திறக்கும் இணைப்பைத் தேடுங்கள். விண்டோஸ் 11இல் அதன் பெயர் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'. பிளேபேக் தாவலில் ஸ்பீக்கர்ஸ் என்பதைத் தேர்ந்து, கீழே இடது மூலையில் உள்ள 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்துங்கள். 5.1 என்றே இரண்டு வரிகள் தெரியலாம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் ஸ்பீக்கர்கள் காதுக்குப் பக்கவாட்டில், மற்றதில் முதுகுக்குப் பின்னால். ஆறு துளை போர்டில் இது கறுப்புக்கும் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசமாகவே ஆகிவிடலாம். பின்பக்க ஜோடி மட்டும் பேசவில்லையென்றால் மற்ற 5.1 வரியைத் தேர்ந்து பாருங்கள்.

அங்கேயே 'டெஸ்ட்' பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் படத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒளிர்ந்து ஒலிக்கும். கண்ணைத் திரையில் வைக்காமல், காதை அறையில் வைத்துக் கேளுங்கள். படத்தில் நடு ஸ்பீக்கர் ஒளிரும்போது சப்வூஃபர் உறுமினால் அந்த இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஆரஞ்சுப் பின்னின் நுனியில் நடு ஸ்பீக்கரா சப்வூஃபரா என்பதில் எல்லாத் தயாரிப்பாளரும் ஒத்துப்போவதில்லை. ஒயரை வெட்ட வேண்டாம். ஆடியோ மென்பொருளில் நடு ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் இடம் மாற்றும் வசதி இருக்கும். அதை டிக் செய்தால் போதும்.

எல்லா ஸ்பீக்கரும் டெஸ்டில் பேசுகின்றன, பாட்டுப் போட்டால் முன் இரண்டு மட்டும் பாடுகின்றன என்றால் பழுது எதுவும் இல்லை. பாட்டு இரண்டு சேனலில் பதிவானது. மற்ற நான்குக்கும் அதில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் கேட்டே ஆக வேண்டுமென்றால் 'ஸ்பீக்கர் ஃபில்' என்ற வசதி பல டிரைவர்களில் உண்டு. சினிமா பார்க்கும்போது அதை அணைத்துவிடுவது நல்லது.

வைக்கும் இடத்தைப் பற்றி இரண்டு வரி. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும், உயரம் காது மட்டத்தில். பின் ஸ்பீக்கர்கள் நேர் முதுகுக்குப் பின்னால் போகாமல், நேராகப் பார்க்கும் திசையிலிருந்து சுமார் 110 டிகிரியில், காதைத் தாண்டிச் சற்றே பின்னால் இருந்தால் சரியாகக் கேட்கும்.

ஆப்டிகலும் எச்டிஎம்ஐயும்

சதுரமான சிறு கதவோடு, உள்ளே சிவப்பு ஒளி தெரியும் துளை ஆப்டிகல் அவுட். ஒலியை ஒளியாக வெளியே அனுப்புவது அது. கேபிளின் இரு முனைகளிலும் குட்டிப் பிளாஸ்டிக் மூடி மாட்டி வரும். அதைக் கழற்றாமல் அழுத்தி அழுத்திச் செருகப் பார்ப்பவர்கள் ஏராளம். முனையின் ஒரு பக்க மூலைகள் சீவியிருக்கும், அது ஒரே வாக்கில்தான் நுழையும். கேபிளைக் கூராக மடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் இழை முறிந்துவிடும்.

ஆப்டிகலில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 5.1 வேண்டுமென்றால் அது டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கப்பட்டுப் போக வேண்டும். படத்தில் ஏற்கெனவே அந்த வடிவில் ஒலி இருந்தால், பிளேயர் மென்பொருளில் பாஸ்த்ரூவை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் வசதி) இயக்கினால், மறுமுனையில் ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் பிரித்துக்கொள்ளும். விளையாட்டுகளில் ஒலி அந்தந்த நொடியில் உருவாவதால் அங்கே ஸ்டீரியோதான் வரும். உடனுக்குடன் சுருக்கித் தரும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் உங்கள் சவுண்ட் கார்டில் இருந்தால் மட்டுமே 5.1. ஆப்டிகலில் சத்தமே வரவில்லையென்றால் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை தடவை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) பாருங்கள். 192 கிலோஹெர்ட்ஸை எல்லா ரிசீவரும் ஏற்காது. 48க்கு இறக்குங்கள்.

எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் படத்தோடு ஒலியையும் சுமக்கின்றன. ரிசீவர் வைத்திருப்பவருக்கு இதுவே சிறந்த வழி. சுருக்காத எட்டு சேனல் ஒரே கேபிளில் போய்விடும். ஆனால் விண்டோஸ் அந்த ரிசீவரை இன்னொரு மானிட்டராகவும் எண்ணிக்கொள்ளும், அதைத் தவிர்க்க முடியாது. சாதாரண ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு எச்டிஎம்ஐ தரும் தொல்லை வேறு: புது மானிட்டர் மாட்டியதும் ஒலி அதற்குள் போய்விடும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்.

ஆம்ப் வைத்து மரப்பெட்டி ஸ்பீக்கர்

ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களும் உள்ள கேபிள் வேண்டும். பச்சையிலிருந்து ஆம்பின் ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய உள்ளீட்டுக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் கோக்காதீர்கள். அது ரெக்கார்ட் பிளேயர் ஊசியின் சில மில்லிவோல்ட்டுக்கானது. பாஸை ஏற்றி மேல் ஸ்தாயியை இறக்கும் திருத்தமும் அதில் உண்டு. கணினி ஒலி அங்கே போனால் கிழிந்தும் குமுறியும் வரும்.

ஸ்பீக்கர் ஒயர் வேலையின்போது ஆம்பின் பவர் கார்டைச் சுவரிலிருந்தே உருவி வையுங்கள். ஒயர் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவு உறையை உரித்து, செம்பு இழைகளை இறுக முறுக்கி, சிவப்பு முனையைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் இறுக்குங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப் ஷார்ட் ஆகும். பல ஒயர்களில் ஒரு பக்க உறையில் கோடோ எழுத்தோ இருக்கும். அந்தப் பக்கத்தை இரு ஸ்பீக்கருக்கும் ஒரே முனைக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு மாறினால் ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். எதுவும் எரியாது, ஆனால் பாஸ் கரைந்துபோய்விடும்.

போடும்போது கணினி முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் கணினி எழும்போதும் அணையும்போதும் வரும் 'டொப்' சத்தம் முழுப் பலத்தோடு ஸ்பீக்கரில் விழும்.

ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்களின் பின்னால் 6.35 மி.மீ. துளை இருக்கும். அதற்கு ஒரு 3.5 ஸ்டீரியோவிலிருந்து இரண்டு 6.35 மோனோ பின்களாகப் பிரியும் கேபிள்தான் சரி. மோனோ பின்னில் ஒரே கறுப்பு வளையம் இருக்கும், ஸ்டீரியோவில் இரண்டு. இந்த ஒரு வளையத்தை எண்ணாமல் கேபிள் எடுத்ததால் வரும் கோளாறு அடுத்தது.

குரல் மட்டும் காணாமல் போவது ஏன்

இசையெல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருக்கிறார். இந்தக் கோளாறு பேய் வேலைபோலத் தோன்றும். காரணம் மிக எளிது.

3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி இடது, கறுப்பு வளையங்களுக்கு நடுவில் உள்ள உலோக வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். இடதும் வலதும் தனித்தனியே கிரவுண்டுக்குத் திரும்பினால்தான் இரு ஒலியும் முழுதாகக் கேட்கும். கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால் மின்சாரம் இடதிலிருந்து நேராக வலதுக்கு ஓடும். கேட்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைத்துத்தான் கலப்பார்கள், அதாவது இரு பக்கமும் சமமாக. சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் பூஜ்யம். பக்கவாட்டில் வைத்த வாத்தியமும் எதிரொலியும் மிஞ்சும்.

மூன்று சூழலில் இது நடக்கும். ஒன்று, முன்னே சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர்: பின் முழுதாக உட்காரவில்லை. இரண்டு, ஸ்டீரியோ 6.35 பின்னை மானிட்டர் ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் கொடுத்தது. அந்த உள்ளீட்டின் வேலையே நுனிக்கும் உலோக வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது. மூன்று, மூன்று கறுப்பு வளையம் உள்ள ஃபோன் ஹெட்செட் பின்.

மூன்றாவதை இங்கேயே முடித்துவிடலாம். ஃபோன் ஹெட்செட் பின்னில் நான்கு தொடர்புகள் உண்டு: இடது, வலது, கிரவுண்ட், மைக். இன்றைய பெரும்பாலான ஹெட்செட்டில் அடிப்பகுதி மைக். சில பழையவற்றில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். முதல் வகையைக் கணினியின் பச்சையில் செருகினால் ஒலி வரும், மைக் வேலை செய்யாது. இரண்டு வகையும் குழம்பினால் குரல் தொலையும். மைக்கும் வேண்டுமென்றால் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின்களாகப் பிரிக்கும் அடாப்டர் வாங்குங்கள். இரண்டு ஹெட்ஃபோனை ஒரே துளையில் மாட்டும் 'ஒய்' பிரிப்பானும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும்; அது இதற்கு உதவாது. அடாப்டரின் கால்களில் ஹெட்ஃபோன் படமும் மைக் படமும் தனித்தனியே இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

உள்ளே வரும் ஒலி

ஃபோனையோ மிக்சரையோ நீலத்தில் செருகியதும் ஸ்பீக்கரில் கேட்காது. அது பதிவுக்கான வழி. உடனே கேட்க, சவுண்ட் பெட்டியின் ரெக்கார்டிங் தாவலில் லைன் இன் பண்புகளைத் திறந்து 'லிசன்' தாவலில் உள்ள பெட்டியை டிக் செய்யுங்கள். சிறு தாமதம் இருக்கும், கூடவே பாட முடியாது.

மைக் சத்தம் போதவில்லையென்றால் அதன் லெவல்ஸ் தாவலில் பூஸ்ட் என்று ஒரு பட்டை இருக்கும். 10, 20, 30 டெசிபல் என்று ஏறும். 20க்கு மேல் போனால் அறையின் மின்விசிறியும் பதிவில் சேரும். 48 வோல்ட் கேட்கும் ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கை இளஞ்சிவப்பில் மாட்டிப் பயனில்லை. அந்தத் துளை தருவது சில வோல்ட்தான். அதற்கு 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டி தேவை.

முன்பக்கத் துளைகள்

கேபினெட்டின் முன்பக்க ஹெட்ஃபோன், மைக் துளைகள் ஒரு நீண்ட ஒயர் வழியாக மதர்போர்டின் ஒன்பது ஊசி இணைப்புக்கு வருகின்றன. பெரும்பாலும் போர்டின் கீழ் இடது மூலையில் இருக்கும். ஐந்து ஐந்தாக இரு வரிசை, எட்டாவது ஊசி இருக்காது. பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி இணைப்பிலும் ஒன்பது ஊசிதான், ஆனால் அங்கே இல்லாதது ஒன்பதாவது. அதாவது யுஎஸ்பியில் காலி இடம் வரிசையின் கடைசியில், ஆடியோவில் அதற்கு ஒன்று முன்னால். பிளக்கில் அடைத்த துளை எங்கே என்று பார்த்து மாட்டுங்கள். நுழையவில்லை என்று அழுத்தினால் ஊசி வளையும்.

பழைய கேபினெட்டில் எச்டி ஆடியோ, அதற்கு முந்தைய முறையான ஏசி97 என்று இரண்டு பிளக் தொங்கும். எச்டி ஆடியோவை மாட்டுங்கள். ஏசி97 மட்டுமே இருந்தால் ஹெட்ஃபோன் பின் செருகப்பட்டதைக் கணினி உணராது. பயாஸிலோ (கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) ஆடியோ மென்பொருளிலோ முன்பக்கத்தை ஏசி97 என்று மாற்ற வேண்டும்.

முன்னால் ஹெட்ஃபோன் செருகியதும் பின்னால் ஸ்பீக்கர் அடங்குவது பழுதல்ல, வசதி. வேண்டாமென்றால் ஆடியோ மென்பொருளில் முன், பின் வெளியீடுகளைத் தனித்தனிச் சாதனமாகப் பிரிக்கலாம். லினக்ஸில் ஆல்சாமிக்சரில் 'ஆட்டோ மியூட்' என்பதை அணைத்தால் இரண்டும் சேர்ந்தே பாடும்.

இரைச்சல்

இரைச்சலின் குரலைக் கேட்டே அதன் ஊரைச் சொல்லிவிடலாம். மவுஸை அசைக்கும்போதோ திரை உருளும்போதோ 'கீச் கீச்' என்று மாறினால், கிராஃபிக்ஸ் கார்டின், ப்ராசசரின் மின் துடிப்புகள் ஒலி வழியில் கலக்கின்றன. முன்பக்கத் துளையில் இது அதிகம், அந்த நீண்ட ஒயர் கேபினெட்டுக்குள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருவதால். பின்பக்கத்துக்கு மாறுங்கள். அங்கேயும் கேட்டால், கேபினெட்டுக்கு வெளியே இருந்து ஒலியைத் தரும் யுஎஸ்பி டாக் (DAC) என்ற குட்டிக் கருவி ஒன்று போதும்.

மாறாமல் 'ம்ம்ம்' என்று அடித்தளத்தில் ஓடுவது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம். கணினியும் ஆம்பும் வெவ்வேறு பிளக் பாயின்டில் எர்த் ஆகி, ஆடியோ கேபிளின் கிரவுண்ட் அவற்றுக்கு இடையே மூன்றாவது பாதையாகிவிடுவதால் வருவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்குக் கொண்டுவந்தால் பல சமயம் அடங்கும். அடங்காவிட்டால் கேபிளின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள், அல்லது ஆம்பில் வசதி இருந்தால் ஆப்டிகலுக்கு மாறுங்கள். ஒளியில் கிரவுண்டே கிடையாது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் ஹம் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான், கூடவே ஷாக்கிலிருந்து உங்களைக் காக்கும் ஒரே வழியும் போய்விடும். செய்யாதீர்கள். யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் குட்டி ஸ்பீக்கர் ஹம் போட்டால் அந்த யுஎஸ்பியைக் கணினியிலிருந்து எடுத்து ஃபோன் சார்ஜரில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒன்றுமே கேட்கவில்லையென்றால்

ஸ்பீக்கர் பின்னை உருவி ஒரு ஃபோனில் செருகிப் பாட விடுங்கள். அங்கேயும் ஊமையென்றால் குற்றம் ஸ்பீக்கரில், அல்லது கேபிளில். கணினியைத் தொடவே வேண்டாம்.

ஃபோனில் பாடினால் திரைக்கு வாருங்கள். கீழ்ப்பட்டையில் ஒலிச் சின்னத்தைத் தட்டி, வெளியீடாக எது இருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரின் பெயர் இருந்தால் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். கண்ட கோளாறுகளில் இதுவே முதலிடம். விண்டோஸ் 11இல் விண்டோஸ், கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பட்டியல் நேராக வரும். பெயர் சரியாக இருந்தால் சவுண்ட் பெட்டியின் பிளேபேக் தாவலைத் திறந்து வைத்துப் பாட்டை ஓட விடுங்கள். சாதனத்தின் பக்கத்தில் பச்சைப் பட்டை துள்ளினால் கணினி ஒலியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது: துளையோ பின்னோ தவறு. துள்ளவில்லையென்றால் மென்பொருள் பக்கம் தேடுங்கள். ஸ்பீக்கர் பட்டியலிலேயே இல்லையென்றால் டிரைவரை மறுபடி நிறுவுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டால் பின்னைத் துளைக்குள்ளேயே மெல்லச் சுழற்றுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் தொடர்பில் அழுக்கு. கணினியை அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்தாலே பல சமயம் சரியாகும். பின்னை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துச் செருகினால் இன்னும் நல்லது. சுழற்றியும் மாறவில்லையென்றால் பேலன்ஸைப் பாருங்கள். அது லெவல்ஸ் தாவலில் ஒளிந்திருக்கும்.

அழைப்பு வரும்போதெல்லாம் பாட்டு தானாக அடங்குகிறதா? சவுண்ட் பெட்டியின் கடைசித் தாவலான கம்யூனிகேஷன்ஸில், மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்று ஏற்கெனவே தேர்ந்திருக்கும். 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள்.